கொரிந்தியருக்கு எழுதிய கடிதம் பாகூருக்கு எதற்கு?

கேள்வி: எங்களுடையது பாகூர் கொம்யூனில் ஒரு சிற்றூர். ஞாயிறு திருப்பலியில் இரண்டாம் வாசகம் பெரும்பாலும் நான்தான் வாசிப்பேன். "கொரிந்தியருக்கும் கலாத்தியருக்கும் எழுதின கடிதத்தை நாம ஏன் படிக்கணும்?" என்று என் மகன் கேட்கிறான். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று. ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கும் ஒரு தூக்கு கொடுத்தனுப்புவார். "அதை வாங்கக் கூடாது, பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார்" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் கண்டித்தார். அது சரியா?

— ஒரு வாசகி, பாகூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகனுக்கான பதில் உங்களுடைய இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது. கூழ் பற்றி நீங்கள் இன்று கேட்பதை, ஏறக்குறைய 1,970 ஆண்டுகளுக்கு முன் கொரிந்து சபையார் பவுலிடம் கேட்டுவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய கடிதம் நம் கைக்கு வரவில்லை. அவர் எழுதிய பதில் மட்டும் வந்திருக்கிறது. நீங்கள் பீடத்தருகே நின்று வாசிப்பது அந்தப் பதிலின் ஒரு துண்டு.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 கடிதங்கள். அவற்றில் 13 பவுலின் பெயரில் உள்ளவை. உரோமையர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கர் முதல் கடிதம், பிலமோன் ஆகிய ஏழும் அவர் எழுதியவையே என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை எனலாம். தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதத்தின் காலம் கி.பி. 50-ஐ ஒட்டியது. மாற்கு நற்செய்தி எழுதப்பட்டது அதற்குச் சுமார் 20 ஆண்டுகள் கழித்துத்தான். ஆக, கிறிஸ்தவர்களிடம் உள்ள மிகப் பழைய எழுத்தே சபைகளுக்குப் போன இந்தக் கடிதங்கள்தான்.

அவை எழுதப்பட்ட விதத்தையும் மகனுக்குச் சொல்லுங்கள். பவுல் ஓர் ஊரில் சபையை உருவாக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பின்னால் சிக்கல் முளைக்கும். யாராவது அவரைத் தேடி ஓடுவார்கள். அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுவார். உரோமையர் கடிதத்தை எழுதிய தெர்த்தியு, கடைசி அதிகாரத்தில் தன் வணக்கத்தையும் சேர்த்திருக்கிறார். உரோமை அரசின் தபால் அரசாங்க வேலைக்கு மட்டுமே என்பதால், கடிதத்தை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். உரோமைக்குக் கொண்டுபோனவர் பெய்பா என்ற பெண் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். போன இடத்தில் சபையைக் கூட்டி, எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பார்கள். நீங்கள் செய்யும் வேலை அவ்வளவு பழையது.

இனி கூழுக்கு வருவோம். கொரிந்தில் கடைக்கு வந்த இறைச்சியில் ஒரு பங்கு, கோயில்களில் பலியிடப்பட்ட விலங்குகளுடையது. கோயில் வளாகத்திலேயே விருந்துகளும் நடந்தன. அகழாய்வில் அப்படிப்பட்ட உணவறைகள் கிடைத்திருக்கின்றன. சபையில் சிலர், "சிலை வெறும் கல், எதைச் சாப்பிட்டால் என்ன?" என்றார்கள். நேற்றுவரை அந்தத் தெய்வங்களைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கோ அந்த இறைச்சியைப் பார்த்தாலே மனம் கலங்கியது. முதல் கடிதத்தின் 8 முதல் 10 வரையான அதிகாரங்கள் இதைப் பற்றியவை.

பவுல் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லவில்லை. கோயில் வழிபாட்டிலேயே பங்கெடுக்கும் விருந்துக்குப் போகாதீர்கள் என்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். நம்பிக்கை கொள்ளாதவர் வீட்டுக்கு அழைத்தால் போய், வைத்ததைச் சாப்பிடலாம் என்கிறார். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும் சாப்பிட வேண்டாம் என்கிறார். உங்களைக் கண்டித்தவர் இந்த வசனத்தைத்தான் காட்டியிருப்பார். ஆனால் அங்கேயே பவுல் காரணமும் சொல்கிறார்: அப்படிச் சொன்னவருடைய மனச்சான்றுக்காக. உணவில் தீட்டு இருப்பதாக அவர் சொல்லவில்லை.

எனவே உங்கள் விஷயத்தில் என் கருத்து இது. அந்த அக்கா உங்களைப் பூசைக்குக் கூப்பிடவில்லை. தன்னிடம் இருப்பதைப் பங்கிட்டுத் தருகிறார். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லிச் சாப்பிடுங்கள். வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவுக்கு இந்துக்களும் திரளாக வருகிறார்கள், திருக்குளத்துத் தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். நம்முடையதை அவர்கள் இவ்வளவு மரியாதையோடு வாங்கும்போது, அவர்கள் நீட்டும் தூக்கை நாம் தள்ளிவிடுவது அழகல்ல. அதே சமயம், புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கும்போது, அவர் இதனால் உண்மையிலேயே தடுமாறினால், அவருக்காக அன்றைக்கு விட்டுக்கொடுங்கள். கண்டித்தவரையும் விவரம் தெரியாதவர் என்று ஒதுக்காதீர்கள். அறிவு இறுமாப்பைத் தரும், அன்புதான் வளர்ச்சி தரும் என்பதே பவுலின் வாதத்துக்கு அடிப்படை.

இந்தக் கடிதங்களில் சாப்பாட்டுப் பந்தி திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? கொரிந்தில் ஆண்டவரின் விருந்துக்கு வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து உண்டு குடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று முதல் கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லிவிட்டார். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவர், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்ததைக் கலாத்தியர் 2-இல் வாசிக்கலாம். வழக்கமாக நன்றியுரையோடு தொடங்கும் பவுல், கலாத்தியருக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டு நேரே கோபத்துக்குப் போகிறார். கிறிஸ்துவை நம்பியவர்கள் ஒரே பந்தியில் உட்கார இன்னொரு தகுதியும் வேண்டும் என்று யார் சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. இந்தக் கடிதங்களின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இது நம் மண்ணுக்கு அந்நியமான சங்கதி இல்லை. புதுச்சேரியில் சேசு சபையாரின் சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் தாழ்த்தப்பட்டவர்கள். 1745-இல் அந்த எளிய மக்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் பேதம் பார்க்கிறாரா என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதைப் பதிந்திருக்கிறார். அவர்கள் கேட்டது பவுல் பேதுருவிடம் கேட்ட அதே கேள்வி. அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இதே புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், பாகுபாட்டால் நொந்த தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்ட விவகாரம் 2008-இல் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். கலாத்தியர் கடிதம் நமக்கு எதற்கு என்று உங்கள் மகன் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

சங்கடமான பகுதிகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சபையில் பெண்கள் பேசக் கூடாது என்ற வரி 1 கொரிந்தியர் 14-இல் இருக்கிறது. அதே கடிதத்தின் 11-ஆம் அதிகாரம், பெண்கள் சபையில் இறைவேண்டல் செய்வதையும் இறைவாக்கு உரைப்பதையும் இயல்பாக எடுத்துக்கொண்டு பேசுகிறது. உரோமையர் 16-இல் பெய்பா, பிரிஸ்கா, யூனியா ஆகியோரைப் பவுல் மரியாதையோடு குறிப்பிடுகிறார். ஒரு வரியைப் பிய்த்தெடுத்து உங்களை வாசிக்கக் கூடாது என்று எவரும் தடுத்தால், கடிதம் முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் பிலமோன் கடிதத்தை முழுதாக வாசியுங்கள். மொத்தம் 25 வசனங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். எசமானிடமிருந்து பிரிந்து வந்த ஒனேசிம் என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும் பவுல், இனி இவனை அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக, என்னையே ஏற்பதுபோல் ஏற்றுக்கொள் என்று பிலமோனைக் கேட்கிறார். பிலமோன் என்ன செய்தார் என்று கடிதத்தில் இல்லை. வாசித்து முடித்ததும் உங்கள் மகனையே பேசவிடுங்கள்: பிலமோன் என்ன செய்திருக்க வேண்டும், நம் ஊரில் யாரை நாம் இப்படி ஏற்க வேண்டியிருக்கிறது? அதற்கு அவன் தேடிச் சொல்லும் பதில், நான் எழுதியிருக்கும் எதைவிடவும் அவனுக்கு அதிகம் உதவும்.