எலி வளையானாலும்...

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வளையே இல்லாதவர் என்ன செய்வார்?

கொல்கத்தா நகரத்துக்கு 2001 வரை கல்கத்தா என்று பெயர். அங்கே ஹௌரா, சியால்தா என்று இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் உண்டு. பீகாரில் இருந்தும் வங்காளக் கிராமங்களில் இருந்தும் வேலை தேடி வருகிறவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். படா பஜாரில் மூட்டை தூக்குகிறார்கள். கைவண்டி இழுக்கிறார்கள். கூலி கிடைத்துவிடும். வீடுதான் கிடைக்காது. பலருக்கு நடைபாதைதான் வீடு.

மூட்டை தூக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பகல் முழுதும் சுமை. இடுப்பு வலி. இரவில் படுத்தால் லாரிச் சத்தம், கொசு, மழை. போலீஸ்காரர் வந்து எழுப்புவார். தலைக்கு அடியில் வைத்த பணம் காலையில் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர் ஒரு பொட்டலத்தை நீட்டுகிறார். "இதை இழு அண்ணே, நல்லா தூக்கம் வரும்" என்கிறார்.

அது பிரவுன் சுகர். மட்டரக ஹெராயின். 1980-களில் இந்த நகரத்தில் பரவியது. அன்று இரவு வலி தெரியவில்லை, அது உண்மைதான். சில வாரங்களில் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. கூலி எல்லாம் அதற்கே போகிறது. வாடகைக்கு ஓர் இடம் பிடிக்கலாம் என்ற நினைப்பும் போய்விட்டது.

ரயில் நிலையத்துப் பிள்ளைகள் செருப்பு ஒட்டும் பசையைத் துணியில் தடவி முகர்கிறார்கள். ஏன் தெரியுமா? பசியும் குளிரும் தெரியாதாம். அந்தப் பசை மூளையைக் கெடுக்கும். திட்டினால் மட்டும் பிள்ளை திருந்துமா?

சரி, ஒருவர் சிகிச்சைக்குப் போகிறார். குணமாகி வெளியே வருகிறார். எங்கே போவார்? அதே நடைபாதைக்குத்தான். அதே ஆட்கள், அதே பொட்டலம். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. கவனமாகப் படியுங்கள். சில வாரம் நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடியும் அதே அளவு எடுத்தால் மூச்சு நின்று உயிரே போகலாம்.

ஊசியில் போதை ஏற்றுகிறவர்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஒரு மாத்திரை தருகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் தினமும் மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். இன்று இங்கே, நாளை எங்கே என்று விரட்டப்படுகிறவர் எப்படிப் போவார்? காசநோய் மருந்தையும் விடாமல் தொடர்வது அவருக்குக் கடினம்தான்.

"முதலில் போதையை விடு, பிறகு வீடு" என்பதுதான் பல நாடுகளில் வழக்கம். 1992-இல் நியூயார்க்கில் சிலர் இதைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் வீடு கொடுத்தார்கள். 2009 முதல் 2013 வரை கனடாவில் 5 நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வீடு பெற்றவர்களில் பெரும்பாலோர் தெருவுக்குத் திரும்பவில்லை. ஆனால் வீடு கொடுத்ததாலேயே போதை கூடுதலாகக் குறைந்துவிடவில்லை. அதற்குச் சிகிச்சையும் வேண்டியிருந்தது. வீடு மருந்து அல்ல, மருந்தை வைக்கும் மாடம் என்று சொல்லலாம்.

நம் நாட்டில் என்ன நிலை? நகரங்களில் 1 லட்சம் பேருக்கு ஓர் இரவு விடுதி வேண்டும், அது ஆண்டு முழுதும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்பில் கொல்கத்தாவின் மக்கள் சுமார் 45 லட்சம். அப்படியானால் 45 விடுதிகள். ஒரு விடுதியில் 100 பேர் என்றால் எத்தனை பேர் தங்கலாம்? 4,500 பேர். அதே கணக்கெடுப்பில் வீடு இல்லாதவர்கள் சுமார் 70,000 பேர். மீதிப் பேர் எத்தனை? நீங்களே கழித்துப் பாருங்கள்.

போதையில் சிக்கியவருக்கு உதவி கேட்க 14446 என்ற எண்ணுக்குப் பேசலாம். காசு கிடையாது. தெருவில் தவிக்கும் குழந்தையைப் பார்த்தால் 1098.

பேசுவோம்: இரவு 10 மணிக்கு உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் யார் யார் படுத்திருக்கிறார்கள்? அவர்களில் ஒருவரிடமாவது எந்த ஊர் என்று கேட்டது உண்டா?