கை மந்தமா, திரை மந்தமா?

தோழியரே! வீடியோ விளையாட்டில் பொத்தானை அழுத்தியும் உருவம் உடனே அசைவதில்லையே, ஏன்?

2006-இல் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சிகள் நெமிலி போன்ற ஊர்களுக்கும் வந்தன. அவை படக்குழாய் வகை. வரும் சமிக்ஞையை அக்கணமே வரிவரியாகத் திரையில் வரைந்துவிடும். தட்டைத் திரைத் தொலைக்காட்சியோ பெரும்பாலும் படத்தைச் சேமித்து, மெருகேற்றிய பின்பே காட்டுகிறது.

நொடிக்கு 60 படங்கள் எனில், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 17 மில்லி நொடி. திரை 100 மில்லி நொடி தாமதித்தால், ஆடுபவள் காண்பது ஆறு படங்களுக்கு முந்திய நிலை! கண்டதும் விரலசைக்க நமக்கே சுமார் 200 முதல் 250 மில்லி நொடி ஆகும். அதோடு இதுவும் சேர்கிறது.

'கேம் மோட்' அமைப்பைத் தேர்ந்தால் மெருகேற்றும் வேலை குறையும், தாமதமும் குறையும். ஆகவே, தோற்றவளைப் பழிக்குமுன் திரையைச் சோதிப்போமா?