பொருளும் இன்பமும்

வாழ்விற்குப் பொருள் வேண்டும். ஆயினும், பொருள் ஒன்றே இன்பம் தருவதில்லை. மேரி கியூரி அம்மையாரின் வாழ்வு இதனை நன்கு விளக்கும்.

1898-ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் கணவர் பியரியும் ரேடியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தனர். பின்னர் அதனைப் பிரித்தெடுக்கப் பாரிஸ் நகரில் மழை ஒழுகும் கொட்டகை ஒன்றில் பல்லாண்டுகள் உழைத்தனர். அவ்வாண்டுகளையே தம் வாழ்வின் இன்பமிக்க காலமென அம்மையார் குறித்துள்ளார். பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருப்பின் பெருஞ்செல்வம் குவிந்திருக்கும். அறிவு உலகிற்கே உரியது எனக் கருதி, இருவரும் அதனை விடுத்தனர்.

பின்னாளில் ஆய்விற்கு ஒரு கிராம் ரேடியம் தேவைப்பட்டது. அதன் விலை ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். வாங்க அம்மையாரிடம் பொருளில்லை. அமெரிக்கப் பெண்டிர் நிதி திரட்டி, 1921-இல் அதனை வழங்கினர். அவரோ அதனைத் தம் உடைமையாக்காது, ஆய்வுக்கூடத்திற்கே உரியதாக்கினார்.

பொருள் அவர் பணிக்குத் துணை நின்றது. இன்பமோ அப்பணியிலேயே பிறந்தது.