கிளட்சின் ஆயுள் இடக்கையில்

1958ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் மோட்டார் சைக்கிளில் கிளட்ச் தானாகவே இயங்கியது. அதன் வழிவந்த கப்சாய் வண்டிகள் பலவும் அவ்வாறே. அவற்றில் பழகிய நம் இளைஞர் சிலர், பின்னர் ஆற்றல் மிக்க பந்தய வகை வண்டிகளை வாங்க விரும்புகின்றனர். இவ்வண்டிகளில் கிளட்சை இயக்குவது ஓட்டுபவரின் இடக்கையே. அது எவ்வாறு தேய்கிறது, எவ்வாறு அதனைக் காப்பது என்பதனை இங்கு அறிவோம்.

அமைப்பு

எஞ்சினின் ஆற்றலைக் கியர்ப் பெட்டியுடன் இணைப்பதும் துண்டிப்பதும் கிளட்சின் பணியாகும். அதனுள் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. முன்னவை எஞ்சினோடும் பின்னவை கியர்ப் பெட்டியோடும் சுழல்கின்றன. சுருள்வில்கள் அவ்வடுக்கை இறுக அழுத்துகின்றன. பிடியை இழுத்தால் தட்டுகள் பிரியும்; விட்டால் சேரும்.

இறுகச் சேர்ந்த தட்டுகள் தேய்வதில்லை. பாதி சேர்ந்தும் பாதி பிரிந்தும் அவை வழுக்கும் வேளையிலேதான் வெப்பம் மிகுந்து தேய்வு உண்டாகிறது. ஆகவே, கிளட்சைத் தேய்ப்பது வேகமன்று. வழுக்கலே என்பதனை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

பெரிய வண்டிகளின் இயல்பு

1998இல் வெளிவந்த யமஹா ஆர்1 வண்டியை எடுத்துக்கொள்வோம். 998 சி.சி. எஞ்சினும் 150 குதிரைத்திறனும் கொண்ட அவ்வண்டி, முதல் கியரிலேயே மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வல்லது. முதல் கியர் இத்துணை வேகத்திற்கு அமைந்திருப்பதால், நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது தட்டுகள் கூடுதல் நேரம் வழுக்க நேர்கிறது. எஞ்சினை முழக்கிப் பாய்ந்து புறப்படும் பழக்கமும் சேர்ந்தால், எஃகுத் தட்டுகள் வெப்பத்தால் நீலம் பாரித்து நெளிந்துவிடும்.

அறிகுறிகள்

உயர் கியரில் செல்லும்போது வலக்கைப் பிடியை முறுக்கினால் எஞ்சினின் ஓசை உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராவிடில், கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். பிடியை முழுதும் இழுத்த பின்னரும் வண்டி முன்னே நகர முயன்றால், தட்டுகள் சரிவரப் பிரியவில்லை என்று பொருள். லோரியை முந்திச் செல்லும் வேளையில் கிளட்ச் வழுக்கினால், எதிர்வரும் வாகனத்திற்கு முன்பாக ஒதுங்குவது அரிதாகிவிடும். எனவே, இது பணச் செலவு மட்டுமன்று, உயிர் பற்றியதுமாகும்.

காக்கும் வழிகள்

1. ஓடும்போது கிளட்ச் பிடியின்மேல் விரல்களை அழுத்தி வைத்திருத்தல் கூடாது.

2. சமிக்ஞை விளக்கில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால், கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து பிடியை விட்டுவிடுதல் நன்று. மேட்டில் வண்டியைப் பிரேக்கால் நிறுத்த வேண்டுமேயன்றிக் கிளட்சால் நிறுத்தலாகாது.

3. கம்பியால் இயங்கும் கிளட்சில், பல வண்டிகளுக்குப் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு வேண்டும். சரியான அளவை வண்டியின் கையேட்டில் காணலாம். தளர்வே இல்லையெனில், பிடியைத் தொடாதபோதும் தட்டுகள் வழுக்கக்கூடும்.

4. பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கி இயங்குகிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ந்த கார் எண்ணெயை ஊற்றினால் தட்டுகள் வழுக்கும். ஜப்பானிய தர அளவான ‘ஜாசோ எம்.ஏ.’ குறியுள்ள எண்ணெயை வாங்குதல் வேண்டும்.

5. தட்டுகளை மாற்றும்போது சுருள்வில்களின் நீளத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெயில் இயங்கும் கிளட்சாயின், புதிய உராய்வுத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்த பின்னரே பொருத்த வேண்டும்.

பழைய வண்டியை வாங்க எண்ணுவோர், முன்கூறிய அறிகுறிகளைச் சாலையில் ஓட்டிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும். தேய்ந்த தட்டுகளைக் காலத்தே மாற்றினால் செலவு தட்டுகளோடு முடியும். வழுக்கும் கிளட்சோடு தொடர்ந்து ஓட்டினால் எஃகுத் தட்டுகளும் கெடும். எரிந்த துகள்கள் எண்ணெயிலும் கலக்கும். உழைத்துச் சேர்த்த ஊதியத்தில் வாங்கிய வண்டி நெடுநாள் உழைக்க வேண்டுமாயின், இடக்கை பொறுமையைக் கற்றல் வேண்டும்.