மெரினோ கம்பளியின் வரலாறும் இயல்பும்

திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பகுதிகளில் தறி வைத்திருக்கும் அங்கத்தினர் சிலர், குளிர்காலச் சால்வைக்கு மெரினோ நூல் வாங்கலாமா என்று கேட்கின்றனர். ஆடு வளர்க்கும் அங்கத்தினரோ, அவ்வினக் கிடாயை இங்கே கொணர்ந்தால் இறைச்சியோடு கம்பளியும் கிடைக்காதா என்கின்றனர். இரண்டுக்கும் விடை அந்த ஆட்டின் வரலாற்றிலும் அதன் மயிரின் இயல்பிலும் அடங்கியுள்ளது. ஆகவே அவற்றைச் சிறிது ஆராய்வோம்.

மெரினோ ஆடு புகழ்பெற்றது ஸ்பெயின் நாட்டில். அங்கே ஆட்டு உடைமையாளர்கள் ‘மெஸ்தா’ என்னும் சங்கமாகத் திரண்டிருந்தனர். 1273-இல் காஸ்டீல் அரசர் பத்தாம் அல்போன்சோ அதற்குச் சிறப்புரிமைகள் வழங்கினார். கோடையில் வடக்கு மலைகளுக்கும், குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிகளுக்கும் மந்தைகள் பெருவழிகளில் ஓட்டிச் செல்லப்பட்டன. வழியோர உழவர்கள் பட்ட தொல்லை கொஞ்சமன்று. சங்கம் என்ற பெயர் ஒன்றாயினும், செல்வாக்கு பெரும் மந்தைக்காரர் கையிலேயே இருந்தது. 1836-இல் அச்சங்கம் கலைக்கப்பட்டது.

இந்த ஆடுகள் பிற நாடு செல்லாதபடி ஸ்பெயின் நெடுங்காலம் காத்துவந்தது. 1765-இல் ஒரு மந்தை சாக்சனி நாட்டுக்குச் சென்றது. 1786-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆடுகளை வரவழைத்து ராம்புய்யே பண்ணையில் சேர்த்தார். அவற்றின் வழி வந்ததே ராம்புய்யே இனம். 1797-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து சில மெரினோ ஆடுகள் கப்பலில் சிட்னி சேர்ந்தன. அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து வளர்ந்த ஆஸ்திரேலியாவே இன்று நேர்த்தியான கம்பளிக்குத் தலைமை நாடாக உள்ளது.

இனி மயிரின் இயல்பைக் காண்போம். கம்பளியின் பருமனை மைக்ரான் என்னும் அளவால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. மனிதரின் தலைமயிர் பெரும்பாலும் 50 மைக்ரானுக்கு மேற்பட்டது. மெரினோ பொதுவாக 24 மைக்ரானுக்கு உட்பட்டது. மிக நேர்த்தியான வகை 18½ மைக்ரானுக்கும் குறைவு. இழை மெலிதாக இருப்பதால் தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கும். முரட்டுக் கம்பளியைப் போலக் குத்தாது. இழை நெடுகிலும் நெருக்கமான அலைகள் உண்டு. அவற்றின் இடையே காற்று தங்குவதே கதகதப்புக்குக் காரணம்.

பழைய வணிகத்தில் கம்பளியின் தரத்தை நம்பரால் கூறினர். நம் பருத்தி நூல் நம்பரோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. பருத்தியில் ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு பவுண்டில் எத்தனை சிட்டமோ அதுவே நம்பர். உயர்ரகக் கம்பளி நூலில் சிட்டம் 560 கஜமே. ஆகவே 64-ஆம் நம்பர் கம்பளி நூல், பருத்தியில் ஏறத்தாழ 42⅔ நம்பருக்கே சமம். 64 என்ற எண்ணைக் கண்டு அச்சையும் புணியையும் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவர்.

பருத்திக்குப் பழகிய கை கம்பளியில் மூன்று இடங்களில் தவறக்கூடும். முதலாவது, சோடா. பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிறோம். கம்பளியை அவ்வாறு செய்தால் அது கரைந்தே போகும். சலவைச் சோடாவும் கேடு செய்யும். காரமற்ற சவர்க்காரமே ஏற்றது. இரண்டாவது, நனைந்த பருத்தி வலுப்பெறும். நனைந்த கம்பளியோ வலுக்குன்றும். ஆதலால் ஈரப்பாவை இழுத்துக் கட்டலாகாது. மூன்றாவது, இழையின் மேல் மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உள்ளன. வெந்நீரில் இட்டுக் கசக்கினால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். பின்னர் அதனைப் பழைய நிலைக்குக் கொணர இயலாது.

ஆடு வளர்ப்போர் வினாவுக்கு வருவோம். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறிற்றே ஒழிய ஆடு மாறவில்லை. வடக்கே நெல்லூர் ஆடு, இப்பக்கம் சென்னைச் சிவப்பு ஆடு. இரண்டும் குட்டையான ரோமமுள்ள இறைச்சி இனங்கள். நம் வெயிலுக்கு அந்த ரோமமே தகுந்தது. அடர்ந்த கம்பளியைச் சுமக்கும் மெரினோவுக்குக் குளிர்ந்த, உலர்ந்த இடம் வேண்டும். ஆண்டுதோறும் கத்தரிக்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் அத்தகைய முயற்சி பலித்தது மலைகளிலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து நீலகிரி ஆடு உருவாயிற்று. அதன் கம்பளி சுமார் 27 மைக்ரான். உதகைக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதனை மெரினோ, ராம்புய்யே கிடாய்களோடு மேலும் கலந்து ‘சாண்டினோ’ இனத்தை உண்டாக்கினர். இராஜஸ்தானத்து அவிகாநகரில் உருவான பாரத் மெரினோவும் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் வளர்க்கப்படுகிறது. சமவெளியில் அதே பலனை எதிர்பார்த்து நம் சிவப்பு ஆட்டைக் கலப்பது கையிலிருப்பதை இழக்கும் செயலாகும் என்பதே நம் கருத்து.

நெசவாளர் வினாவுக்கு எம் விடை, வாங்கலாம் என்பதே. ஆனால் சோதித்து வாங்க வேண்டும். கம்பளி என்ற பெயரில் அக்ரிலிக் நூலும் கடைகளில் விற்கப்படுகிறது. ஓரிழையைத் தீயில் காட்டுக. உண்மைக் கம்பளி மெல்ல எரிந்து, மயிர் பொசுங்கும் நாற்றம் தந்து, விரலில் நசுங்கும் கரியாகும். செயற்கை இழை உருகிக் கடினமான மணியாகும். எனினும் இச்சோதனை மெரினோவையும் முரட்டுக் கம்பளியையும் பிரித்துக் காட்டாது. அதற்கு மைக்ரான் அளவு குறித்த பரிசோதனைச் சீட்டைக் கேட்க வேண்டும். எடையிலும் கவனம் தேவை. பருத்திக்கு 8½ விழுக்காடு ஈரம் வணிகத்தில் ஏற்கப்படுகிறது. கம்பளிக்கு 16 முதல் 18 விழுக்காடு வரை உண்டு. 30 விழுக்காடு ஈரம் ஏறினாலும் கம்பளி கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. ஐப்பசி, கார்த்திகையில் வாங்கும் சிட்டங்களின் விலையைப் பேசுகையில், ஈர அளவு எவ்வளவு என்று சீட்டில் எழுதி வாங்குக.