ஊர் கூடி இழுக்கும் தேர்

கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கப் பெரிய நிறுவனமும் கோடிக்கணக்கான பணமும் வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ‘வெஸ்நோத் போர்’ என்னும் விளையாட்டு அவ்வாறு உருவாகவில்லை. டேவிட் ஒயிட் என்ற நிரலாளர் 2003ஆம் ஆண்டில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். அறுகோணக் கட்டங்கள் நிறைந்த நிலப்பரப்பில், சதுரங்கத்தைப் போல இரு தரப்பினரும் மாறி மாறிப் படைகளை நகர்த்த வேண்டும். ஆட்டம் சுவையாக இருந்தது. படங்கள்தாம் மிகச் சாதாரணமாக இருந்தன. அவற்றை வரைந்தவரும் அவரே!

ஆனால், அவர் நிரலைப் பூட்டி வைக்கவில்லை. பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். எவரும் அதைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தி வெளியிடுவோர் அதே உரிமையைப் பிறருக்கும் அளிக்க வேண்டும். இதனால் ஓவியர்களும் இசையமைப்பாளர்களும் கதாசிரியர்களும் ஊதியம் எதிர்பாராமல் வந்து சேர்ந்தனர்.

நிரல் எழுதத் தெரியாதவர் எவ்வாறு உதவ முடியும்? உரையாடல்கள் நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கோப்புகளில் உள்ளன. மொழிபெயர்ப்பாளர் அவற்றை மட்டும் திறந்தால் போதும். புதிய கதைக்களம் அமைப்போருக்கும் எளிய குறிமொழி ஒன்று உண்டு.

பலர் கைவைத்தால் குழப்பமும் வரும். ஒரு வில்வீரன் வலுவற்றவன் என்று எண்ணி, ஒருவர் அவனது தாக்கும் ஆற்றலைக் கூட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். அவனை எதிரியாக வைத்து மற்றொருவர் அமைத்த கதை, யாராலும் வெல்ல முடியாததாக மாறிவிடும். எனவே, இத்தகைய மாற்றங்களை முதலில் சோதனைப் பதிப்பில்தான் செய்கின்றனர். ஒற்றைப்படை எண் சோதனைப் பதிப்பைக் குறிக்கும். இரட்டைப்படை எண் நிலையான பதிப்பைக் குறிக்கும். 1.17இல் சோதிக்கப்பட்டவை 2024இல் 1.18ஆக வெளிவந்தன.

எல்லாப் படைப்புகளும் ஏற்கப்படுவதில்லை. பல நாள் உழைத்து வரைந்த படம், மற்றப் படங்களின் பாணியோடு பொருந்தாவிட்டால் திரும்பி வரலாம். படைத்தவருக்கு அது வருத்தம்தான். இருப்பினும், அவர் தம் படைப்பை ஒரு துணைத்தொகுப்பாக வெளியிடலாம். விரும்புவோர் விளையாட்டின் உள்ளிருந்தே அதைப் பதிவிறக்கி ஆடுவர். அவ்வாறு வெளியே பிறந்த கதைகளுள் சில, பின்னாளில் மூல விளையாட்டிலேயே இடம்பெற்றன.