மின்மானியும் துலாக்கோலும்

நம் வீடுகளின் முகப்புச் சுவரிலே, தாழ்வாரத்தின் கீழ், ஒரு சிறு பெட்டி நெடுங்காலமாக இருந்து வருகின்றது. மாதந்தோறும் மானி வாசிப்பவர் படலையைத் திறந்துகொண்டு வந்து, அதன் கண்ணாடியை நோக்கி இலக்கங்களைக் குறித்து, பட்டியலைக் கையளித்துச் செல்கின்றார். பட்டியலின் தொகையைக் கண்டு முகஞ்சுளிக்கும் நாம், அப்பெட்டியை ஒருபோதும் உற்று நோக்குவதில்லை. இப்பொழுதோ உலகின் பல நாடுகளில் அப்பெட்டி மாற்றப்பட்டு வருகின்றது. தானே கணக்கெடுத்துத் தானே செய்தி அனுப்பும் நுண்ணறிவு மின்மானி அதன் இடத்தைக் கைக்கொள்கின்றது. மக்கள் இதனை 'ஸ்மார்ட் மீற்றர்' என வழங்குவர். நம் நாட்டின் சில பகுதிகளிலும் இது புகுந்துவிட்டது. இதனை வரவேற்பதா, மறுப்பதா என்பதை நன்மை தீமை இரண்டையும் நிறுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மானியின் வரலாறு

மானி என்பது ஒருவகைத் துலாக்கோல். கடையிலே அரிசி நிறுக்கும்போது தராசின் முள்ளை விற்பவரும் பார்க்கின்றார், வாங்குபவரும் பார்க்கின்றார். இருவர் கண்ணுக்கும் ஒருங்கே புலப்படுவதனாலேயே அது நடுவுநிலைமைக்கு அடையாளமாயிற்று. மின்சாரமோ கண்ணுக்குப் புலனாகாத சரக்கு. அதனை நிறுத்துக் காட்டும் கோலை அமைப்பது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை.

1882 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் எடிசன் நியூயோர்க் நகரிலே மின்னிலையம் ஒன்றை இயக்கி மின்னொளி வழங்கத் தொடங்கினார். அவர் அக்காலத்திற் பயன்படுத்திய மானி உண்மையாகவே நிறைகோலை நம்பியிருந்தது. ஒரு கண்ணாடிச் சாடியுள் நாகம் என்னும் உலோகத்தாலான இரண்டு தகடுகள் நாகசல்பேற்றுக் கரைசலில் அமிழ்ந்திருக்கும். வீட்டிற்குச் செல்லும் மின்னோட்டத்தின் ஒரு சிறு பங்கு அக்கரைசலினூடே பாய, ஒரு தகட்டின் உலோகம் கரைந்து மற்றையதிற் படியும். மாதமொருமுறை கம்பனி ஊழியர் தகடுகளை எடுத்துச் சென்று நிறுத்து, நிறை வேறுபாட்டிலிருந்து கட்டணத்தைக் கணிப்பர். கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் செய்து பார்த்த மின்பகுப்புப் பரிசோதனையே இது. விதியிற் பிழையில்லை. ஆயின் வீட்டுக்காரர் தம் செலவைத் தாமே அறிய வழியில்லை. விற்பவரே நிறுப்பவர், அவரே கணக்கும் கூறுபவர்.

இக்குறையைத் தீர்த்தது சுழல்வட்டு மானி. 1885 இல் இத்தாலிய அறிஞர் பெராரிஸ் சுழல்காந்தப் புலத்தின் தத்துவத்தை விளக்கினார். 1889 இல் ஹங்கேரி நாட்டுப் பொறியியலாளர் பிளாதி அத்தத்துவத்தைக் கொண்டு மின்மானி அமைத்தார். ஒரு சுருள் மின்னழுத்தத்தையும், மற்றொரு சுருள் மின்னோட்டத்தையும் உணர்ந்து, இரண்டும் சேர்ந்து ஓர் அலுமினிய வட்டைச் சுழற்றும். நிலைக்காந்தம் ஒன்று அவ்வட்டு கட்டின்றி ஓடாதவாறு தடுக்கும். செலவு மிகுந்தால் வட்டு விரையும். குறைந்தால் மெல்லச் சுழலும். அச்சுற்றுக்களை எண்ணி இலக்கமாகக் காட்டுவதற்குப் பற்சில்லுகள் உள்ளன.

இத்தகைய மானி வீட்டில் இருப்போர் ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். ஓர் அலகுக்கு, அதாவது ஒரு கிலோவாற்று மணிக்கு, 600 சுற்று என்று தட்டிற் பொறித்திருப்பின், 6000 என்னும் எண்ணை ஒரு சுற்றுக்குச் செல்லும் செக்கன்களால் வகுக்க, அந்நேரத்துச் செலவு வாற்றில் வரும். ஒரு சுற்றுக்கு 30 செக்கன் சென்றால் செலவு 200 வாற்று. 1000 வாற்று மின்னழுத்தியை மட்டும் இயக்கினால் 6 செக்கனுக்கு ஒரு சுற்று. எட்டாம் வகுப்பு மாணவனும் கைக்கடிகாரத்தைக் கொண்டு தன் வீட்டுக் கணக்கைச் சரிபார்த்தல் கூடும். எடிசனின் சாடி மறைத்ததைச் சுழல்வட்டு வெளிப்படுத்திற்று என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

2. புதிய மானி இயங்குமாறு

நுண்ணறிவு மானியிற் சுழலும் வட்டு இல்லை. அது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒவ்வொரு செக்கனிலும் ஆயிரக்கணக்கான முறை அளந்து, பெருக்கி, கூட்டித் தன் நினைவகத்திற் பதிகின்றது. பெரும்பாலும் 15 நிமிடத்துக்கோ 30 நிமிடத்துக்கோ ஒரு பதிவு இருக்கும். அரைமணிக்கு ஒன்றாயின் நாளொன்றுக்கு 48, ஆண்டுக்கு 17,520. பழைய முறையில் ஆண்டுக்குப் பன்னிரண்டு வாசிப்புக்களே இருந்தமையை இதனோடு ஒப்புநோக்குக. இப்பதிவுகள் வானொலி அலை வழியாகவோ, கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாகவோ, மின்கம்பியின் வழியாகவோ நிலையத்தைச் சேரும்.

இங்கே இரண்டு புதுமைகள் உள. ஒன்று, மானி மிக நுணுக்கமாக அறிகின்றது. மற்றொன்று, அது பேசுவதோடு நில்லாது கேட்கவும் செய்கின்றது. நிலையத்திலிருந்து வரும் கட்டளைக்கமையக் கட்டண வீதத்தை மாற்றும், மின்னைத் துண்டிக்கும், மீண்டும் இணைக்கும். இதன் நன்மையும் தீமையும் இவ்விரு புதுமைகளிலிருந்தே பிறக்கின்றன.

3. நன்மைகள்

முதலாவது, வாசிப்பின் திருத்தம். படலை பூட்டியிருந்தமையால், நாய் குரைத்தமையால், வெள்ளம் வந்தமையால் ஊகமாக இடப்பட்ட பட்டியல்கள் எத்துணைப் பிணக்குகளை விளைத்தன என்பதை யாவரும் அறிவர். புதுமானியில் ஊகத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, பழுதறிதல். மின்தடை ஏற்பட்ட கணத்திலேயே மானி தன் இறுதிச் செய்தியை அனுப்பிவிடும். எந்த ஒழுங்கையில் எத்தனை வீடுகள் இருளில் உள்ளன என்று பொறியியலாளர் உடனே அறிவர். ஒரு மாற்றியிலிருந்து புறப்பட்ட மின்னின் அளவையும் அதனைப் பெற்ற வீடுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு, களவு நடக்கும் இடத்தையும் கண்டுகொள்ளலாம். இத்தாலி நாட்டிலே 2001 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுள் ஏறத்தாழ மூன்று கோடி வீடுகளில் இத்தகைய மானிகள் பொருத்தப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். களவு போகும் மின்னின் விலையை நேர்மையாகச் செலுத்துவோரே சுமக்கின்றனர் ஆதலின், இது சிறு நன்மையன்று.

மூன்றாவது, நேரத்துக்கேற்ற விலை. மின்சாரத்தைப் பெருமளவிற் சேமித்து வைத்தல் செலவு மிகுந்த காரியம். நம் நாட்டிலே மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உள்ள காலத்தை உச்சநேரம் என நேரவாரிக் கட்டண விதி வகுத்துள்ளது. அந்நான்கு மணிநேரத் தேவையைத் தீர்க்கவே விலை மிகுந்த எரிபொருளை எரிக்க நேர்கின்றது. இம்முறை வந்தால் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடு பாதிக்கப்படுமே எனச் சிலர் அஞ்சுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். 10 வாற்று மின்குமிழ் அந்நான்கு மணிநேரமும் எரிந்தாற் செலவு 0.04 அலகே. கிணற்றடியில் 750 வாற்று நீர்ப்பம்பி அரைமணி ஓடினாற் செலவு 0.375 அலகு, விளக்கின் செலவைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். பம்பியை விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டுவோர்க்கு இம்முறை இலாபமே. ஆயின் மாலையிலே தையற்பொறி மிதிப்பதை விட்டு மின்னால் இயக்குவோர்க்கும், இராப்பகலாக மின்கருவியை நம்பியிருக்கும் நோயாளர்க்கும் நேரத்தை மாற்றும் வசதி இல்லை என்பதையும் மறத்தலாகாது.

நான்காவது, கூரைச் சூரியக்கலம். மின்னை வாங்கும் வீடு விற்கும் வீடாகவும் ஆகிவிட்ட காலம் இது. 2025 ஏப்ரல் மாதப் புத்தாண்டு விடுமுறையிலே தேவை குறைந்தபோது, சூரியக்கலம் உடையோர் பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. கூரைகளிலிருந்து எவ்வளவு மின் வருகின்றது என்பதை அந்நேரத்திலேயே அறிந்து அளவோடு குறைக்கும் ஏற்பாடு இருந்தால், எல்லாரையும் ஒருங்கே நிறுத்தச் சொல்ல வேண்டிய தேவை குறைந்திருக்கும்.

4. தீமைகள்

இனி மறுபக்கத்தை நோக்குவாம். புதுமானியின் வானலைகளால் உடல்நலம் கெடும் என்போர் உளர். அவ்வலைகளின் வலு பாதுகாப்பு எல்லைக்கு மிகக் கீழானது; காதோடு சேர்த்துப் பிடிக்கும் கைத்தொலைபேசியினால் நாம் பெறுவது அதனிலும் மிகுதி. ஆதலின் அவ்வச்சத்தை விடுத்து, உண்மையான குறைகளை ஆராய்வதே தக்கது.

முதலாவது, வீட்டின் அந்தரங்கம். மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலே ஜோர்ஜ் ஹாட் என்பவர், வீட்டின் மொத்த மின்செலவு ஏறி இறங்கும் கோலத்தை மட்டும் கொண்டு, உள்ளே எக்கருவி எப்பொழுது இயங்குகின்றது எனக் கண்டறியும் முறையை 1980களில் வகுத்தார். அம்முறை மக்களைக் கண்காணிக்கவும் பயன்படக்கூடும் என்று 1989 இல் அவரே ஒரு கட்டுரையில் எச்சரித்தமை குறிப்பிடத்தக்கது. வீட்டார் எப்பொழுது உறங்குகின்றனர், எப்பொழுது வெளியூர் சென்றனர் என்பனவெல்லாம் மின்செலவின் கோட்டிலே எழுதப்பட்டுள்ளன. நெதர்லாந்திலே புதுமானியைக் கட்டாயமாக்கும் சட்டமூலத்தை மேற்சபை 2009 இல் ஏற்க மறுத்தமைக்கு இதுவே தலையாய காரணம். பின்னர், விரும்பாதோர் மறுக்கலாம் என்னும் ஏற்பாட்டோடு 2011 இல் அது நிறைவேறிற்று. ஐக்கிய அமெரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும், நகரசபை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவெடுத்தல் வீட்டைச் சோதனையிடுதலுக்கு ஒப்பாகும் என்று 2018 இல் தீர்த்தது. அந்நோக்கமும் எல்லையும் நியாயமானவை எனக் கண்டு அதனை அனுமதித்ததாயினும், பொலிசார் கைக்கு எளிதில் எட்டுமாயின் முடிவு வேறாகலாம் எனவும் குறிப்பிட்டது.

இரண்டாவது, அளவைப் பிழை. துவெந்தே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2017 இல் வெளியிட்ட பரிசோதனையிலே, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஆளிகளோடு இணைந்த புதுவகை மின்குமிழ்களை அளந்தபோது, ஒன்பது மின்னணு மானிகளுள் ஐந்து உண்மைக்கு மிகக் கூடுதலாகக் காட்டின. உச்சப் பிழை 582 வீதம். வேறு சில குறைத்தும் காட்டின. இது சோதனைக்கூடத்திற் கடுமையான நிலையில் எழுந்த பிழையே. எல்லா வீட்டிலும் இவ்வாறு நேரும் என்பது பொருளன்று. ஆயினும் பொறி புதிதாயின் பிழை இராது என்ற நம்பிக்கைக்கு இது தக்க மறுப்பாகும்.

மூன்றாவதும் மிகக் கடியதும் தொலைவிலிருந்து துண்டிக்கும் ஆற்றல். பிரித்தானியாவிலே கட்டணம் நிலுவையாயிருந்த வீடுகளின் மானிகளை, யாரும் வாயிலுக்கு வராமலே, முற்பணமுறைக்கு மாற்றலாயினர். காசு தீர்ந்தவுடன் மின்னும் தீரும். குளிரில் வாடிய வறியோரின் நிலை வெளிப்பட்டபின், 2023 பெப்ரவரியிற் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைக்குமாறு ஒழுங்குபடுத்தும் சபை பணித்தது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலே 2020 ஆகஸ்ட் 12 ஆம் நாள், கண்ணன் பிறந்த திருநாளன்று, தவறான ஒரு கட்டளையால் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட புதுமானிகள் மின்னைத் துண்டித்தன. கட்டணம் செலுத்தியோரும் இருளிலேயே விழாக் கொண்டாடினர்.

மின்னின் ஆளி தூரத்தே இருப்பதன் பொருளை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 இன் பின் யாழ்ப்பாணக் குடாநாடு பல்லாண்டு மின்சாரமின்றி வாழ்ந்தது. மானிகள் சுவரிலே இருந்தன, வட்டுக்கள் சுழலவில்லை. ஜாம் போத்தல் விளக்கின் முன் குனிந்திருந்து பரீட்சைக்குப் படித்தோர் நம் பழைய மாணவருட் பலர். அது போர்க்காலம், இது வேறு காரியம். ஆயினும் ஒரு வீட்டின் விளக்கை அணைப்பது எளிதாகுந்தோறும், அணைப்பவர் பொறுப்பு மிகவேண்டும் என்பதை அவ்விளக்கின் புகையை நுகர்ந்தோர் நன்கறிவர். முன்னர் மின்னைத் துண்டிக்க ஓர் ஊழியர் வாயிலுக்கு வரவேண்டியிருந்தது. அவர் தொட்டிலையும் நோயாளியையும் கண்டார். வீட்டாரின் முறையீட்டைக் கேட்டார். சிலபோது ஒரு நாள் தவணையும் கொடுத்தார். பொத்தானை அழுத்துபவர்க்கு இவை தெரியா.

5. முடிவுரை

இரண்டு தட்டையும் நோக்குமிடத்து, புதுமானி வேண்டாததொன்று என நாம் கூறோம். எனினும் நிபந்தனையின்றி ஏற்கத்தக்கதும் அன்று. எமது கருத்தில் ஐந்து நிபந்தனைகள் இன்றியமையாதன.

(அ) மானி பதிந்தவற்றை வீட்டாரும் தங்குதடையின்றிக் காணல் வேண்டும்.
(ஆ) பட்டியலுக்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட பதிவை வீட்டாரின் இசைவின்றி எடுத்தலோ பிறர்க்குக் கொடுத்தலோ கூடாது.
(இ) எழுத்தில் அறிவித்தலும், மறுமொழி கூற அவகாசமும் இன்றித் தொலைவிலிருந்து துண்டித்தல் கூடாது. நோயாளர் உள்ள வீட்டிற்கு விலக்கு வேண்டும்.
(ஈ) ஐயம் எழுந்தவிடத்து, விற்பவர் அல்லாத நடுவர் மானியைச் சோதித்தல் வேண்டும்.
(உ) நேரவாரிக் கட்டணம் விரும்புவோர்க்கே ஆதல் வேண்டும்.

மானி வந்தவுடன் பட்டியல் தானே குறையும் என எண்ணுவோர் ஏமாறுவர். பிறநாட்டு அநுபவத்திற் சேமிப்பு நூற்றுக்குச் சில வீதமே; அதுவும் இலக்கத்தைப் பார்த்துப் பழக்கத்தை மாற்றியோர்க்கே கிடைத்தது.

எடிசனின் சாடியைக் கம்பனி மட்டுமே வாசித்தது. சுழல்வட்டினை இரு பகுதியாரும் வாசித்தனர். புதுமானி அவ்விரண்டினுள் எதனைப் பின்பற்றும் என்பது பொறியால் அன்று, நாம் கேட்கும் கேள்விகளாலேயே முடிவாகும். ஆகவே இன்று மாலை வீடு திரும்பியதும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மானியின் முன் ஐந்து நிமிடம் நின்று, அதன் கணக்கை ஒருமுறை சரிபார்ப்போமாக. கோலை வாசிக்கக் கற்றவரே நிறையைப் பற்றி வழக்காட வல்லவர்.